ரிலீவர் வரும்வரை

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கடந்த எட்டு மாதமாக உன் அப்பன், ஐம்பத்திரண்டு வயது, கீழ்வரிசையில் இரண்டு பல் கட்டியவன், சர்க்கரைக்குக் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறவன், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ரோஸ் கலர் கவுன் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறான். போனில்தான், பயப்படாதே. அந்த விளையாட்டை இறக்கியபோது ஆணா பெண்ணா என்று அது கேட்டது. கண்ணாடி போடாமல் எதையோ தொட்டுவிட்டேன். இரட்டைச் சடையும் கவுனுமாக ஒரு பெண் வந்து நின்றாள். மாற்றத் தெரியவில்லை. பிறகு மாற்றத் தெரிந்தது, மனசு வரவில்லை. அதற்குள் அவளோடு பழகிவிட்டது.

இது பாதிதான். மீதிப் பாதி இன்னும் கேவலம். நான் அதை இறக்கியதே உன்னோடு விளையாடத்தான், உனக்குத் தெரியாமல். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் போன் சோபாவில் கிடந்தது, திரையில் நம் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியின் பெயரில் ‘லிக்னைட்ராஜா’ என்று உன் விளையாட்டுப் பெயர் மின்னியது. அதை மனப்பாடம் செய்துகொண்டேன். மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெயரைத் தேடிப்பிடித்து நட்புக்கு விண்ணப்பம் போட்டேன். நீ ஏற்றுக்கொண்டாய். எட்டு மாதமாக உன்னோடு கூடவே ஓடி, கூடவே ஒளிந்து, கூடவே செத்த ‘கன்வேயர்’ என்கிற ஆள் நான்தான். வாய்க்கு வாய் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டாயே, அந்த அண்ணன் உன் அப்பன்.

அடுத்த வாரம் ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போவதாகச் சொல்கிறாய். நம் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மிஷின் பிறந்த நாடு. அங்கிருந்து மிஷின் இங்கே வந்தது, இங்கிருந்து நீ அங்கே போகிறாய் என்று பஸ்ஸில் நான்கு பேரிடம் பெருமையடித்தும் ஆகிவிட்டது. ஆனால் நீ ஏறுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும். நேரில் கேட்டால் சிரிப்பாய். கிளப் ஆண்டு விழாவில் பதினெட்டு வருஷமாக மீசை ஒட்டியும் புடவை கட்டியும் மேடையேறியவன் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? போன வருஷம் எனக்கு நெஞ்சு வலித்தபோது உங்கம்மாவிடம் சொன்னேன். “சரி, மீதியச் சொல்லுங்க” என்று கரண்டியோடு நின்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் நடுவில் சுவர் எழும்பிய நாள் எனக்குத் தெரியும். நீ ஏழாவது படித்தாய். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்று உனக்கு வாங்கித் தந்திருந்தேன். முழுப்பரீட்சை வந்தது, நீ அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. பெட்டியை அலமாரியில் பூட்டினேன். உன் கைத்திறமை மேல் இருந்த நம்பிக்கையில், அதன் அடாப்டரையும் தினமும் டிபன் பைக்குள் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் சுரங்க கேட்டில் பையைத் திறந்த செக்யூரிட்டி, தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் ஒயரைப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கினான்.

“இன்னா சார் இது, ஒயரோட?”

“பையனுக்குப் பரீட்சைப்பா.”

“பரீட்ச எழுதறதுக்கு இன்னாத்துக்கு சார் ஒயரு?”

பின்னால் ஒரு பஸ் ஜனம் நின்றுகொண்டிருந்தது. இன்று வரைக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்டில் எனக்கு அடாப்டர் சார் என்றுதான் பெயர். அது உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இது: இரண்டரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், நீ நாலேகாலுக்கு வருவாய், உங்கம்மா பக்கத்து வீட்டில் சீரியல் பார்ப்பாள். அந்த இடைவெளியில் பெட்டியை இறக்கி, அடாப்டரை மாட்டி, நான் விளையாடினேன். பரீட்சை முடிந்து நீ அலமாரியைத் திறக்கச் சொன்ன அன்று பெட்டியைத் தொட்டுப் பார்த்தாய். “ஏம்ப்பா சூடா இருக்கு?” என்றாய். “வெயில்டா” என்றேன். “அலமாரிக்குள்ளயாப்பா?” என்றாய். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ என்னைக் கேள்வி கேட்கவே இல்லை. எது கேட்டாலும் “நல்லாருக்கேன்ப்பா”. பத்தாவதில், காலேஜில், புனேயில் வேலைக்குப் போன பிறகும் அதே ஒரு வரி. பதினான்கு வருஷமாக அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன்.

அந்த ஒரு வரிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கவுன் போட்டேன்.

உள்ளே போன முதல் வாரத்தில் அந்த உலகம் எனக்கு ஒத்துவரவில்லை. மீசை முளைக்காத ஒரு குரல், இந்தியில், என் தாயாரைப் பற்றி விசாரித்தது. அவள் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது என்று நான் எழுத்துக்கூட்டிப் பதில் அடிப்பதற்குள் சுட்டுவிட்டான். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் கணக்கு முதலிலிருந்து என்று அது என்னை மிரட்டியது. முப்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு ஒழுங்காக நான் அட்டென்டன்ஸ் கொடுத்ததில்லை. பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன். நான் எந்தக் கிரேடு, எத்தனாவது பிளாக், எந்த ஊர்க்காரன், எந்தச் சாதி என்று ஒருவனும் கேட்கவில்லை. காலனியில் இந்த நான்கு கேள்விக்குப் பிறகுதான் காபியே வரும்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து போய்ப் பார்ப்போம். எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்தாலே நேற்று வீட்டில் சண்டையா என்று தெரியும். இப்போது கன்ட்ரோல் ரூமில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன். சுவர் முழுக்கத் திரை, திரையில் எறும்பு அளவில் ஆள். ஆள் தெரிவான், முகம் தெரியாது. எட்டு மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று மணிக்குப் போனைத் திறந்தால் அதிலும் எறும்பு அளவில் ஆள். முகம் தெரியாது.

லிக்னைட்ராஜா நீதான் என்று எனக்கு உறுதியானது ஒரே ஒரு வார்த்தையால். நட்பு சேர்ந்த முதல் நாள், ஒரு மாடி வீட்டில் என்னை நிறுத்திவிட்டு மருந்து தேடப் போனாய். போகும்போது ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தாய்: “அண்ணா, ரிலீவர் வர வரைக்கும் எடத்த வுட்டு நவுராதீங்க.”

போனை மார்போடு அணைத்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த ஊரில் ஒருவன் விளையாட்டில் இதைச் சொல்வான்? ஷிப்ட் முடிந்து மணி அடித்தாலும், அடுத்தவன் வந்து நாற்காலியைத் தொடாமல் நாம் எழுந்திருக்கக் கூடாது என்கிற சட்டம் நம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்த சட்டம் அல்லவா? என் ரிலீவர் பலராமன் மேட்னி ஷோ பார்த்துவிட்டு நிதானமாக வந்ததால், உன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு நான் கேக் வெட்டி முடிந்த பிறகு வந்தேன். உங்கம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, “ரிலீவர் வர்ற வரைக்கும் பாத்துக்கடா” என்று உன்னை நிறுத்திவிட்டுத்தான் குழாயடிக்குப் போவாள். பொங்கி வழிந்த பாலுக்கு முன்னால் சிலைபோல் நின்ற பிள்ளை நீ. ரிலீவர் வரவில்லையே என்று அழுதாய்.

மத்தியானம் மூன்று மணிக்கு நீ எப்படி விளையாட வருகிறாய் என்று முதலில் யோசித்தேன். அமெரிக்க நேரத்துக்கு வேலை என்று நீயே சொல்லியிருந்தாய், சரியாகப் போயிற்று. உன் பேச்சுதான் ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து ‘வந்துக்கினு போயிக்கினு’ என்று கற்றுக்கொண்டு வந்தபோது உங்கம்மா புளியங்குச்சியைக் காட்டினாள். விளையாட்டிலோ நீ ‘வூட்ல’ என்றாய், ‘சாப்ட்டுக்கினு வரேண்ணா’ என்றாய். அடித்துத் திருத்திய பேச்சைப் பிள்ளை எங்கள் கண்ணுக்கு மறைவாக ஆசை தீரப் பேசிக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நானும் ‘இன்னாப்பா’ என்று அடித்தேன். நீ சிரிப்புப் பொம்மை அனுப்பினாய்.

நான் மைக் போடவே இல்லை, குரலைக் கண்டுபிடித்துவிடுவாய் என்று. நீயும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். “பாப்பா தூங்கிக்கினு இருக்குது” என்றாய்.

இந்தக் காலத்துப் பையன்கள் யாரைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் உங்கம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“பையனுக்கு அங்க யாரோ இருக்கா போலருக்கு.”

“யாரு சொன்னா?”

“தோணுது.”

“ஒங்களுக்கு என்னைக்கு என்ன தோணி நடந்திருக்கு?”

சொல்லிவிட்டு உள்ளே போய் உனக்குப் போன் போட்டாள். யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா, சாதி கீதி பார்க்க மாட்டோம் என்று அவள் திடுதிப்பென்று அழுதாளே, நீ “அம்மா, காய்ச்சலா?” என்று கேட்டாயே, அதற்கு மூலகாரணம் நான்.

ஆடி மாதத்துக்குப் பிறகு காற்று மாறியது. “இந்த தபாவும் பர்மனென்ட் இல்லியாம்ணா” என்று அடித்தாய். கம்ப்யூட்டர் கம்பெனியிலும் கான்ட்ராக்ட், பர்மனென்ட் எல்லாம் உண்டு என்று பலராமன் மகன் சொல்லியிருந்தான். அன்று ராத்திரி உனக்குப் போன் செய்து, “வேலையெல்லாம் எப்படிடா?” என்றேன். “நல்லாருக்கேன்ப்பா.” மறுநாள் மூன்று மணிக்கு, “எட்டு வருசமா இதே கததாண்ணா” என்றாய். நீ வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தானே ஆகிறது, காலேஜையும் சேர்த்துச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய கணக்கை நானே கூட்டிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

புரட்டாசியில் ஒரு நாள்: “இன்னிக்கி கார்ட வாங்கிட்டாங்கண்ணா.”

எந்தக் கார்டு என்று கேட்டேன். “உள்ள போற கார்டுதான். கேட்லயே வாங்கிக்கினாங்க.”

கழுத்தில் மாட்டிக்கொண்டு நீ போட்டோ அனுப்பினாயே, அந்தக் கார்டு. நான் திரையில் எங்கேயோ தொட, கவுன் போட்டவள் கிணற்றில் விழுந்தாள். சரியாக அதற்கு இரண்டு வாரம் கழித்து நீ போன் செய்து, “அப்பா, ஜெர்மனி போறேன்” என்றாய். உங்கம்மா பாயசம் வைத்தாள். எனக்கு அது இறங்கவில்லை. நம் பழைய பிளாக்கில், மூன்றாவது வீட்டு மகன் சிங்கப்பூரில் இருப்பதாக ஆறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்களே, கடைசியில் பக்கத்திலிருக்கிற சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் அவனை யாரோ பார்த்து, அவன் அடையாளம் தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தானே, அந்தக் கதையை வாய் வலிக்க வலிக்கப் பரப்பியவன் நான். இப்போது அது என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கார்டு போன பிறகு நீ எந்நேரமும் உள்ளேயே கிடந்தாய். நான் காலையில் திறந்தாலும் இருந்தாய், ராத்திரி படுக்கப் போகும்போது திறந்தாலும் இருந்தாய். துப்பாக்கி எடுப்பதில்லை, மருந்து எடுப்பதில்லை. “சாப்ட்டியா?” என்பேன். “பாப்பாக்கு மட்டும் இருந்திச்சிண்ணா” என்பாய். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும். அடாப்டரை மறைத்தவனுக்கு இன்னொரு முறை பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வது பெரிய காரியமா?

கடைசி நாளைச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஒரு வட்டம் உண்டு. நேரம் போகப் போகச் சுருங்கும். வெளியே நிற்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவான். நாம் குடியிருக்கிற ஊரில் ஒவ்வொரு பிளாக்குக்கும் வட்டம் என்றுதானே போர்டு வைத்திருக்கிறார்கள். அதை முப்பது வருஷமாகப் படிக்கிற எனக்கு வட்டம் என்றால் தெரு விளக்கு, மரம், குடிதண்ணீர். அது சுருங்கும் என்று அங்கேதான் முதலில் பார்த்தேன். அன்று நூறு பேரில் கடைசிப் பத்துக்குள் வந்துவிட்டோம். நீ கோட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றாய். வா வா என்று அடித்தேன். நகரவில்லை. “நீங்க உள்ள போங்கண்ணா” என்றாய். ஒரு நிமிஷம் கழித்து, “ரிலீவர் வந்தா சொல்லுங்க.”

உன் பக்கத்தில் நின்றிருக்கலாம். மைக்கைப் போட்டு, “டேய், நான் உன் அப்பன்டா” என்றிருக்கலாம். என்ன செய்தேன் தெரியுமா? எட்டு மாதத்தில் ஒரு முறைகூட நான் ஜெயித்ததில்லை. இன்னும் ஒன்பது பேர்தான் என்று திரை சொன்னது. உள்ளே ஓடினேன். ஒரு பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மற்றவர்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள், கடைசி ஆள் குண்டு தீர்ந்து நின்றபோது என் குண்டு பட்டது. தங்க எழுத்தில் ஜெயித்தாய் என்று வந்தது. ரோஸ் கவுன்காரி கையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். நான் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உன் பெயரைத் தேடினேன். நீ உள்ளே இருப்பதைக் காட்டுகிற பச்சை விளக்கு அணைந்திருந்தது.

இன்றோடு பதினோரு நாள். நீ வரவில்லை. இடையில் இரண்டு முறை வீட்டுக்குப் போன் செய்தாய், டிக்கெட் வந்துவிட்டது, குளிருக்குச் சட்டை வாங்கினேன் என்று கலகலப்பாகப் பேசினாய். உன் கலகலப்பைக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம்தான் கூடியது. போனில் பேசுகிறவன் என் பிள்ளையா, மரத்தடியில் நின்றவன் என் பிள்ளையா? நான் மரத்தடிக்காரனைத்தான் நம்புகிறேன். அவன்தான் என்னிடம் ‘நல்லாருக்கேன்’ என்று ஒரு நாளும் சொல்லாதவன்.

ஆகவே புத்தி சொல்ல வருகிறேன், சிரிக்காமல் கேள். கார்டு போனால் போகட்டும். எனக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது, குவார்ட்டர்ஸ் இருக்கிறது, முன்னறை உன்னுடையது. பாப்பா என்கிறாயே, அவள் யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா. ஜெர்மனி என்று ஒன்று இல்லையென்றால் இல்லை என்று சொல். பஸ்ஸில் சொன்ன பெருமையை நான் ஜோக்காக மாற்றிக்கொள்கிறேன், எனக்கு அது தொழில். நீ யாரிடம் வேலை பார்த்தாலும், எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும், அதில் எறும்பு அளவில் ஒருவன் நகராமல் நின்றால் எழுந்து போய் முகத்தைப் பார். நான் போகவில்லை. முப்பது வருஷம் ரிலீவர் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை ஒரு மத்தியானத்தில் பள்ளத்தில் படுத்துத் தொலைத்தேன். உன் ரிலீவர் நான்தான். நீ புனேயை விட்டு நகராதே, சனிக்கிழமை ரயிலில் நானே வருகிறேன். உங்கம்மாவுக்கு நண்பன் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நீ வீடியோவில் வந்துவிட்டாய். கழுத்தில் கார்டு தொங்கியது. விசா ஒட்டிய பக்கத்தைக் காட்டினாய். பின்னால் உன் ஆபீஸ் ஆட்கள் கேக் வைத்துக்கொண்டு நின்றார்கள். உங்கம்மா எல்லாருக்கும் கை காட்டினாள். நான் போனை வாங்கி, ஒன்றும் தெரியாதவன்போல, “அந்த லிக்னைட்ராஜா விளையாட்டெல்லாம் இப்ப உண்டாடா?” என்றேன்.

“அதையெல்லாம் விட்டுப் பத்து மாசமாச்சேப்பா. பொங்கலுக்கு வந்தப்ப, அந்தப் பேரு, கணக்கு எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு இருந்தேன். டீக்கடையில பக்கத்துல ஒருத்தர் அதே விளையாட்ட ஆடிட்டு இருந்தார். அவருக்கே குடுத்துட்டேன்.”

“யார்றா அவரு?”

“பேரு கேக்கலப்பா. சுரங்கத்துல கான்ட்ராக்ட்ல இருக்கேன்னார். எந்நேரமும் ரிலீவர் வரல ரிலீவர் வரலன்னு புலம்பிக்கிட்டு, உங்கள மாதிரியே. இடுப்புல ஒரு பாப்பா இருந்துச்சு.”

எந்த டீக்கடை என்று கேட்டேன். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று, போனைப் பார்த்துக்கொண்டே நான் தினமும் டீ குடிக்கிற கடை அது.